மாடியில் ஒரு மோட்டார், மேசையில் ஒரு மனு

என் பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் பழைய கதைகள். புதுச்சேரிப் பள்ளிக்கூடம், ஆபீஸ் நாட்கள், ஆரப்பாளையத்துத் தெருக்கள், புட்டுத்தோப்புத் திருவிழாக் கூட்டம் என்று போகும். இந்தத் தடவை ஒரு அபிப்பிராயம் சொல்லப் போகிறேன். கொஞ்சம் கோபமும் கலந்திருக்கும். யார் மேல் கோபம் என்பது போகப் போகத் தெரியும்.

எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி ஒரு லேத் பட்டறைக்காரர் குடியிருக்கிறார். அவர் மகன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு அப்பாவோடு பட்டறையில் நிற்கிறான். அதிகம் பேசாத பையன். அவனுக்கு ஒரு ஆசை, சின்னதாக ஒரு விமானம் கட்ட வேண்டும் என்று. ஒற்றை ஆள் உட்காரும் விமானம். மாடியில் இறக்கைக்கு உள்சட்டம் அடித்துக்கொண்டிருந்தான். தெருவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஏதோ பந்தல் போடுறான்" என்றுதான் என் மனைவி சொன்னாள்.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பழைய மாருதி 800 காரின் இயந்திரத்தை ஆங்கிள் இரும்புச் சட்டத்தில் பூட்டி, முன்னால் ஒரு மரச் சுழலியை மாட்டி, மாடியிலேயே அதை முதல் தடவையாக ஸ்டார்ட் பண்ணிவிட்டான்.

நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு இருமல். அப்புறம் இன்னொரு இருமல். அப்புறம் தெருவே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். புறா எல்லாம் எழும்பிப் பறந்தது. பக்கத்து மாடியில் வெள்ளைத் துணி விரித்துக் காயவைத்திருந்த கூழ்வடகம் துணியோடு கிளம்பி எங்கள் வேப்பமரத்தில் வந்து தொங்கியது. கொடியில் கிடந்த வேட்டி, சேலை எல்லாம் அடுத்த தெருவுக்குப் போயின. இயந்திரம் ஓடியது இருபது விநாடிகூட இருக்காது. கார்ப்பரேட்டர் பக்கம் பெட்ரோல் ஒழுகி குப்பென்று தீப் பிடித்தது. அவன் அப்பா ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எதிர்வீட்டில் பிறந்து நாற்பது நாள் ஆன குழந்தை வீறிட்டு அழுதது, அந்த அழுகை நிற்க மத்தியானம் ஆகிவிட்டது.

சாயங்காலம் தெருவில் ஒரு கூட்டம். நேராக என் வீட்டுக்கு வந்தார்கள். இந்தத் தெருவில் மனு எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு மிச்சமிருக்கும் மரியாதை அது ஒன்றுதான்.

"சார், நீங்கதான் நல்லா எழுதிக் குடுக்கணும். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒண்ணு, மாநகராட்சிக்கு ஒண்ணு. அந்தப் பய இனிமே அந்த மிஷினத் தொடவே கூடாது" என்றார் எதிர்வீட்டுக்காரர். பதினேழு பேர் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார்கள்.

"நாளைக்குக் காலையில தர்றேன்" என்று சொல்லி அனுப்பினேன். வெள்ளைத்தாளை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். 'பெறுநர்' என்று எழுதியதோடு பேனா நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று சொல்வதற்கு இரண்டு கதை சொல்ல வேண்டும். ஒன்று ஊர் அறிந்தது. மற்றது என்னைத் தவிர யாருக்கும் தெரியாதது.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அம்மா ஊர் மதுரை என்பதால் பிறகு இங்கே வந்து சேர்ந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போன பிறகும் எங்கள் வாத்தியார், நாங்கள் 'முசியே' என்று கூப்பிடுவோம், ப்ளேரியோவின் கதையை வருஷத்துக்கு நான்கு தடவையாவது சொல்லிவிடுவார். லூயி ப்ளேரியோ 1909 ஜூலை 25 அன்று கலேயிலிருந்து கிளம்பி ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி டோவரில் இறங்கியவர். பயண நேரம் நாற்பது நிமிஷத்துக்கும் குறைவு. அவருடைய விமானத்தில் இருந்தது மூன்று சிலிண்டர் உள்ள அன்சானி இயந்திரம், 25 குதிரைத் திறன். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் இயந்திரத்தின் சூட்டில் அவர் பாதம் வெந்துபோய், ஊன்றுகோலோடுதான் விமானத்துக்குப் போனார். பறக்கும்போதும் ஊன்றுகோல் கூடவே இருந்தது.

நம் பையன் மாடியில் வைத்திருந்த மாருதி இயந்திரமும் மூன்று சிலிண்டர்தான். சக்தியில் ப்ளேரியோவுடையதைவிட அதிகம். ரைட் சகோதரர்களுக்கு 1903-ல் சார்லி டெய்லர் என்ற மெக்கானிக் தன் கையால் செய்துகொடுத்த இயந்திரத்துக்கு 12 குதிரைத் திறன்தான். ஆகவே 'கார் இன்ஜினை வைத்து என்ன செய்துவிட முடியும்' என்று யாரும் சிரிக்க வேண்டாம்.

முசியே சொல்லாத ஒரு கதை நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. அதை நான் வேலையை விட்ட பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்தவர் ஜாக்கோமோ தாஞ்சலிஸ். நெப்போலியன் பிறந்த கோர்சிக்கா தீவுக்காரர். ப்ளேரியோ கால்வாயைத் தாண்டிய செய்தி அவரைத் தூங்கவிடவில்லை. தானே ஒரு விமானத்துக்கு வரைபடம் போட்டு, அதைச் சிம்சன் கம்பெனியில் கொடுத்துக் கட்டவைத்தார். சிம்சன் 1840-ல் தொடங்கிய கம்பெனி, குதிரை வண்டி கட்டுவதில் பேர் பெற்றவர்கள். 1903-ல் அங்கேதான் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டிக் காட்டினார்கள். தாஞ்சலிஸின் விமானத்தைப் பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, 1910 மார்ச்சில் தீவுத்திடலில் ஜனங்கள் முன்னால் பறந்து காட்டினார். டிக்கெட் போட்டுக் காட்டியதாகவும், கூட்டத்திலிருந்து ஒருவரை ஏற்றிக்கொண்டு பறந்ததாகவும் சொல்கிறார்கள். அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் ஆறாயிரத்துச் சொச்சம் கடிதங்களோடு பறந்து உலகின் முதல் விமானத் தபால் என்று பேர் வாங்கியது 1911 பிப்ரவரி 18-ல்தான். அதற்குப் பதினோரு மாதம் முன்பே சென்னையில் கட்டிய விமானம் சென்னையில் பறந்துவிட்டது.

பல்லாவரத்து வெட்டவெளியில் அந்த இயந்திரத்தை முதல் தடவை ஸ்டார்ட் பண்ணின காலையை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். சுற்றி நின்றவர்கள் சிம்சன் தச்சர்களும் கொல்லர்களுமாகத்தான் இருக்க வேண்டும். குதிரை பூட்டி ஓட்டும் வண்டிக்கே பழகிய கைகள். சுழலியைக் கையால் இழுத்துச் சுற்றிவிட்டு, பின்னால் குதித்து ஒதுங்க வேண்டிய காலம் அது. ஒரு விநாடி தாமதமானால் கை போய்விடும்.

நம் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. விமானம் என்றதும் 'எல்லாம் நம்மகிட்ட அப்பவே இருந்துச்சு' என்று வாட்ஸ்அப்பில் ஒன்று வந்துவிடும். எனக்கும் வாரம் ஒன்று வருகிறது. புஷ்பக விமானத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, அது பக்தி சம்பந்தப்பட்டது. ஆனால் 'வைமானிக சாஸ்திரம்' என்ற நூலில் உள்ள வரைபடங்களை, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ஐந்து பேர் சோதித்து, அவை பறக்கவே முடியாதவை என்றும், அந்த நூல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது என்றும் 1974-லேயே எழுதிவிட்டார்கள். இல்லாத விமானத்துக்கு இத்தனை பெருமை பேசுகிற நாம், சிம்சன் தச்சர்கள் நிஜமாகவே கட்டிய விமானத்தை மறந்துவிட்டோம். அதுதான் என் முதல் வருத்தம்.

பக்கத்துக் காலத்துக்கு வருவோம். மும்பையில் அமோல் யாதவ் என்று ஒரு விமானி. ஜெட் ஏர்வேஸில் வேலை பார்த்தவர். காந்திவலியில் தான் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டினார். அதற்கு முன் இரண்டு தடவை கட்டி, இரண்டும் பறக்கவில்லை. லிஃப்ட் இல்லாத கட்டடம். இறக்குமதி செய்த இயந்திரத்தைக் குறுகலான மாடிப்படி வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். 2016 பிப்ரவரியில் கிரேன் வைத்துக் கீழே இறக்கி 'மேக் இன் இந்தியா' கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. பதிவு எண் கிடைத்தது 2017 நவம்பரில். பறக்க அனுமதி 2019-ல். முதல் பறப்பு 2020-ல், மகாராஷ்டிரத்தின் துளே விமான ஓடுதளத்தில். இயந்திரத்தை ஸ்டார்ட் பண்ண ஒரு நிமிஷம் போதும். காகிதத்தை ஸ்டார்ட் பண்ண வருஷக்கணக்கு ஆகிறது.

இன்னொருவர் கேரளத்துத் தொடுபுழைப் பக்கத்து ஸஜி தோமஸ். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ரப்பர் தோட்டத்துக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைப் பார்த்து ஆசை பிடித்து, பல வருஷம் பாடுபட்டு ஒரு சிறு விமானம் கட்டினார். அது பறந்தது நம் திருநெல்வேலிச் சீமையில், மணிமுத்தாறு பக்கம், ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவரின் துணையோடு. அவர் வாழ்க்கையைத் தழுவி 2017-ல் 'விமானம்' என்று ஒரு மலையாளப் படம்கூட வந்தது. தான் பூட்டிய இயந்திரம் முதல் முறை உயிர் பெறும்போது அதன் சத்தத்தைக் கேட்க முடியாதவர் அவர். கையை வைத்துத்தான் உணர்ந்திருக்க வேண்டும். ஒரு காதில் மெஷின் மாட்டிக்கொண்டு திரியும் எனக்கு அவரை நினைத்தால் என்னவோ செய்கிறது.

சரி, இனி அந்த இரண்டாவது கதை.

1984 என்று நினைவு. நான் இருந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் வந்தார். ஆயில் இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறவர். ஒரு பழைய ஆயில் இன்ஜினை வைத்து, சின்ன வயலில் உழுவதற்கு ஒரு தள்ளுவண்டி மாதிரி இயந்திரம் தானே செய்திருந்தார். அதை அதிகாரிகள் வந்து பார்க்க வேண்டும், தகுதி இருந்தால் மானியப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று விண்ணப்பம். விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. நான் நோட் போட்டேன்: 'மனுதாரர் அங்கீகரிக்கப்பட்ட உற்பத்தியாளர் அல்ல. மேலும் விவரம் கோரலாம்.'

விவரம் கேட்டோம். கொடுத்தார். மறுபடி கேட்டோம். படம் வரைந்து கொடுத்தார், ஒரு பள்ளிக்கூடப் பையனைக் கொண்டு ஸ்கேல் வைத்து வரையச் சொல்லியிருந்தார். மூன்றாவது தடவையும் கேட்டோம். உண்மையைச் சொன்னால், இந்த மாதிரி விண்ணப்பத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று எங்கள் பிரிவில் யாருக்கும் தெரியாது. முன்மாதிரி இல்லை. முன்மாதிரி இல்லாத ஃபைலில் 'சரி' என்று எழுதினால் நாளைக்குத் தணிக்கையில் கேட்பார்கள். 'இல்லை' என்று எழுதினால் ஏன் இல்லை என்று மேலே கேட்பார்கள். கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அலுவலகத்தில் பிழைக்கத் தெரிந்தவன் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் இது. நான் அதில் கெட்டிக்காரன்.

அவர் பஸ் பிடித்து வந்து மஞ்சள் பையோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். எத்தனை தடவை வந்தார் என்று எண்ணவில்லை, பத்துக்குக் குறையாது. கடைசித் தடவை வந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஐயா, இல்லைன்னாச்சும் சொல்லிருங்க. நான் வேற சோலியப் பாக்குறேன்."

"பார்ப்போம், போயிட்டு வாங்க" என்றேன்.

அவர் பிறகு வரவில்லை. நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்னால், அழிக்க வேண்டிய பழைய கோப்புகளைப் பட்டியல் எடுக்கும் வேலை என்னிடம் வந்தது. அதில் அந்த ஃபைல் இருந்தது. முப்பது பக்கத்துக்கு மேல். என் கையெழுத்து பல இடத்தில். அந்தப் பையன் ஸ்கேல் வைத்து வரைந்த படமும் இருந்தது. முப்பது பக்கத்தில் எங்கேயும் 'சரி' என்றும் இல்லை, 'இல்லை' என்றும் இல்லை. அழிக்கும் பட்டியலில் அதன் எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மனு எழுத உட்கார்ந்த அன்று ராத்திரி பேனா நின்றது இதனால்தான். பதினேழு பேர் கையெழுத்தோடு நான் எழுதிக் கொடுக்கும் மனு என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு கான்ஸ்டபிள் வருவார், பையனை ஒரு சத்தம் போடுவார், அப்பா பயந்துபோய் அந்த இயந்திரத்தைப் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போடுவார். கதை முடிந்தது. இன்னொரு ஃபைலை நானே கிடப்பில் போட்ட மாதிரி ஆகும்.

அதற்காகத் தெருக்காரர்கள் சொன்னது தப்பு என்றும் சொல்லமாட்டேன். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பெட்ரோல், நெருப்பு, நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் மரக்கட்டை, எதிரில் கைக்குழந்தை. அந்தச் சுழலி உடைந்து சிதறியிருந்தால் துண்டுகள் கொலை ஆயுதம் மாதிரி பறந்திருக்கும். விமானத் துறையில் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ செத்திருக்கிறார்கள். அமோல் யாதவிடம் அதிகாரிகள் கேள்வி கேட்டது தப்பில்லை. கேள்வி கேட்பது வேறு, பதில் சொல்லாமல் இருப்பதற்காகக் கேள்வி கேட்பது வேறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு நன்றாகத் தெரியும். வெளியில் இருப்பவர்களுக்குத்தான் தெரியாது.

மறுநாள் காலையில் எதிர்வீட்டுக்காரரையும், பையனையும், அவன் அப்பாவையும் என் வீட்டுக்கு வரச் சொன்னேன். என் மனைவி எல்லோருக்கும் காபி கொடுத்தாள். வடகம் போட்ட பாட்டியும் அழையாமலே வந்துவிட்டார்.

"என் வடகத்துக்குப் பதில் சொல்லிட்டு அப்புறம் பிளேனு விடட்டும்" என்றார் பாட்டி. எல்லோரும் சிரித்ததில் பாதிச் சூடு இறங்கிவிட்டது.

எதிர்வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "சார், என் பேரப்புள்ள பயந்துருச்சு. அவன் நல்ல பய, எனக்குத் தெரியும். ஆனா நாளைக்குத் தீப் பிடிச்சா அவனா பொறுப்பு?" என்றார். நூற்றுக்கு நூறு சரியான கேள்வி.

பையனைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே, "தப்புதான் தாத்தா. ஆர்வத்துல போட்டுட்டேன்" என்றான். அவன் அப்பா ஒன்றும் பேசவில்லை. ஈரச் சாக்கைப் பிடித்த கையில் கொப்புளம் இருந்தது.

நான் ஒரு தாளில் எழுதினேன். மனு அல்ல, ஒப்பந்தம். மாடியில் இனி இயந்திரம் ஓடாது. சமயநல்லூருக்கு அந்தப் பக்கம் அவர்கள் சொந்தக்காரர் ஒருவரின் தரிசு நிலத்துக்கு அது போக வேண்டும். அப்பா கூட இல்லாமல் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. தீயணைப்பான் இரண்டு இருக்க வேண்டும். தரையில் ஓட்டிப் பார்ப்பதற்கு மேல் ஒரு அடி எழும்புவதாக இருந்தாலும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும். 1934-ஆம் வருஷத்து விமானச் சட்டம் போய், 2024-ல் நிறைவேறிய பாரதீய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது, பேர்தான் மாறியிருக்கிறது, அனுமதி இல்லாமல் பறப்பது அன்றும் குற்றம் இன்றும் குற்றம் என்று பையனுக்கு விளக்கிச் சொன்னேன். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம். பாட்டி கைநாட்டு வைத்து, ஒரு படி வடகத்துக்கு அரிசியும் வாங்கிக்கொண்டு போனார்.

மாசி மாதம் ஒரு காலையில் அந்த நிலத்துக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். எதிர்வீட்டுக்காரரும் வந்தார், வேவு பார்க்கத்தான் என்று நினைக்கிறேன்.

இந்தத் தடவை பையன் வேறு ஆளாக இருந்தான். இரும்புச் சட்டத்தைக் கான்கிரீட்டில் பதித்து, நாலு பக்கமும் கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தான். சுழலி சுற்றும் தளத்துக்கு நேராக இரண்டு பக்கமும் தரையில் சுண்ணாம்புக் கோடு. உடைந்தால் துண்டு அந்தத் திசையில்தான் வரும், ஆகவே அந்தக் கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. பெட்ரோல் டியூபை எல்லாம் புதிதாக மாற்றியிருந்தான். பெட்ரோல் வால்வு பக்கத்தில் அவன் அப்பா, கையில் தீயணைப்பான்.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டான். ரொம்ப நாள் சும்மா கிடந்த இயந்திரத்தில் ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர வேண்டும், அதற்காக. ஆயில் பிரஷர் முள் எழும்பியது. அதைப் பார்த்த பிறகுதான் பிளக்கை மாட்டினான். "ஸ்டார்ட் ஆகி அரை நிமிஷத்துல முள்ளு ஏறலைன்னா அமத்திரணும் தாத்தா. இல்லைன்னா பேரிங் போயிரும்" என்றான். அமர்த்துவதற்கு இரண்டு சுவிட்ச் வைத்திருந்தான், ஒன்று அவன் கையில், ஒன்று அப்பா கையில்.

பழைய காலத்தில் விமானியும் மெக்கானிக்கும் கிளப்புமுன் 'கோந்தாக்' என்று சத்தம் போட்டுக்கொள்வார்கள், மின் இணைப்பு கொடுத்தாயிற்று என்று அர்த்தம். பிரெஞ்சிலிருந்து போன வழக்கம். விமானத்தின் உடலுக்கும் இறக்கை நுனி மடிப்புக்கும் இன்றுவரை உலகம் சொல்லும் பேர் பிரெஞ்சுதான், ஃபியூசலாஜ், எய்லரான். முசியேயை நினைத்துக்கொண்டு நானும் "கோந்தாக்!" என்று கத்தினேன். "என்ன தாத்தா, வயித்துவலியா?" என்றான் பையன்.

முதல் தடவை பிடிக்கவில்லை. இரண்டாவது தடவை இருமி நின்றது. மூன்றாவது தடவை பிடித்தது. தரிசுப் புழுதி பின்பக்கம் கிளம்பிச் சுவர் மாதிரி நின்றது. நான் காது மெஷினைக் கழற்றிவிட்டு, அந்தக் கோட்டுக்கு வெகுதூரம் தள்ளியிருந்த கயிற்றுக் கட்டிலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதிர்ச்சி மரச்சட்டம் வழியாகக் கைக்கு வந்தது. முள் ஏறிவிட்டது என்று பையன் கட்டைவிரலைக் காட்டினான். நாற்பது விநாடி. தண்ணீர்க் குழாய் கிளிப் ஒன்றில் கசிவு தெரிந்ததும் அவனே அமர்த்தினான். இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று ஆசைப்படவில்லை. மாடியில் நின்ற பையனுக்கும் இவனுக்கும் அதுதான் வித்தியாசம்.

எதிர்வீட்டுக்காரர் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதை மொதல்லயே செஞ்சிருந்தா நான் ஏன் சார் மனுப் போடப் போறேன்" என்றார்.

என் அபிப்பிராயத்துக்கு வருகிறேன். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது கரிவாயுவில் பஸ் ஓட்டிக் காட்டிய டிவிஎஸ் பட்டறைகள் இருந்த ஊர் இது. கைவேலைக்கு இங்கே பஞ்சம் இருந்ததே இல்லை. பஞ்சம் வேறு இடத்தில். தானாக ஒரு இயந்திரம் செய்கிறவன் போய்க் கேட்க ஒரு இடம் வேண்டும். அங்கே இருப்பவர் அவனைப் பட்டியலில் தேடாமல் அவன் செய்ததைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் பாலிடெக்னிக் இருக்கிறது. ஒரு மூலையில் கான்கிரீட் தளம், இரும்புச் சட்டம், தீயணைப்பான், பார்த்துக்கொள்ள ஒரு ஆசிரியர். இது கோடிக்கணக்கில் ஆகிற காரியம் இல்லை. பையன்கள் மொட்டை மாடியில் இயந்திரத்தை ஸ்டார்ட் பண்ணுவதற்குக் காரணம், ஸ்டார்ட் பண்ண வேறு இடம் இல்லை.

அலுவலகங்களுக்கு நான் சொல்வது அதைவிடச் சின்ன விஷயம். 'சரி, இந்த நிபந்தனைகளோடு' என்று எழுதுங்கள். அல்லது 'இல்லை, இந்தக் காரணத்தால்' என்று எழுதுங்கள். ஒரு தேதிக்குள் எழுதுங்கள். மறுப்பு வந்தால் மனிதன் வேறு வழி பார்ப்பான், அல்லது குறையைத் திருத்திக்கொண்டு வருவான். பதிலே வராதவன் வராந்தாவில் உட்கார்ந்தே கிழவனாகிவிடுவான்.

இந்த வயதில் புத்தி சொல்ல வந்துவிட்டாயே, நீ பதவியில் இருந்தபோது என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். கோபம் யார் மேல் என்று முதலில் சொன்னேன் அல்லவா, இப்போது தெரிந்திருக்கும். வாடிப்பட்டிக்காரர் இன்று இருக்கிறாரோ இல்லையோ. அவருக்கு நான் தர வேண்டிய பதில் இனி தர முடியாது.

பையனின் விண்ணப்பத்தை நான்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இறக்கை முடிய இன்னும் ஒரு வருஷமாவது ஆகும் என்கிறான். விண்ணப்பத்தின் கடைசி வரியாக இப்படி எழுதியிருக்கிறேன்: 'அனுமதிக்க இயலாது என்றால், அதையும் காரணத்துடன் எழுத்துமூலம் தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன்.' இப்படி ஒரு வரியை முப்பது வருஷ சர்வீஸில் நான் எந்த மனுவிலும் பார்த்ததில்லை. வாயால் கேட்டவர் ஒருவர்தான்.